அவசரச் சிகிச்சைப் பிரிவில் படிவம் 1 வைக்கக் கோரி ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: குடும்ப வன்முறைக்கு ஆளாகி அரசு மருத்துவமனைகளுக்கு வரும் பெண்களை அடையாளம் காணவும், அவர்களுக்கான குடும்ப நிகழ்வறிக்கையை (வீட்டில் நடந்த வன்முறையைப் பதியும் படிவம் 1) அங்கேயே பதிவு செய்யவும் உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிச் சில வருடங்கள் கேசுவாலிட்டியில்தான் இருந்தேன். அங்கே பார்த்த ஒரு ராத்திரியைச் சொல்லிவிட்டுக் கோரிக்கைக்கு வருகிறேன்.

தாடை வீங்கிய நிலையில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் கணவர். பெயரைக் கேட்டால் அவர் சொன்னார், வயதைக் கேட்டாலும் அவரே. அந்தப் பெண் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். குரல் கம்மியிருந்தது, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாள். கண்ணின் வெள்ளையில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். வழுக்கி விழுந்தவருக்குக் குரல் ஏன் கம்ம வேண்டும்? கணவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பினேன். கிடைத்த நான்கு நிமிடத்தில் அவள் கேட்டது ஒன்றுதான்: "சொன்னா அப்புறம் என்ன செய்வீங்க சிஸ்டர்?" என்னிடம் பதில் இல்லை. ஏ.ஆர். பதிவேட்டில் (விபத்துப் பதிவேடு) 'வழுக்கி விழுந்தது' என்றே எழுதப்பட்டது. அந்த வருடத்தில் அவளுக்கு அது மூன்றாவது 'விழுந்த' பதிவு.

பதில் சட்டத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு சட்ட உதவி முகாமில்தான் தெரிந்துகொண்டேன். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் சிகிச்சை கேட்டால் மருத்துவமனை கொடுத்தே ஆக வேண்டும். 2006ஆம் ஆண்டு விதிகளில் 17ஆம் விதி இன்னும் தெளிவு. முன்கூட்டி குடும்ப நிகழ்வறிக்கை பதிவாகவில்லை என்று காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. அறிக்கை இல்லையென்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவம் 1ஐ நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டத்தின்கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்தவர்) அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நான் இருந்த கேசுவாலிட்டியில் அந்தப் படிவத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் சுமார் 14 சதவீதம்தான். மற்றவர்கள் காவல் நிலையப் படி ஏறுவதில்லை. ஆனால் தையல் போடவும் கட்டுப் போடவும் எங்களிடம் வந்துதானே ஆக வேண்டும்?

ஆகவே, மாவட்டத்தின் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மகப்பேறு வார்டிலும் தமிழில் அச்சிட்ட படிவம் 1 இருக்க உத்தரவிடுங்கள். பூட்டிய அலமாரியில் வேண்டாம், ஏ.ஆர். பதிவேட்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். காயத்தோடு வரும் பெண்ணிடம், கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, தனியாக ஒருமுறை கேட்பது வழக்கமாக வேண்டும். கூட வந்தவர் மாமியாரோ, பெற்ற தாயோ, யாராக இருந்தாலும் சரி. அவள் சம்மதித்தால் மட்டும் படிவத்தை நிரப்பலாம். இது காவல் துறைப் புகார் அல்ல, எஃப்.ஐ.ஆரும் அல்ல என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் என்றதுமே வாயை மூடிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

கழுத்து நெரிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலருக்கு வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கழுத்தின் ரத்தக் குழாய் சேதமாகியிருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பிறகு கொலை வரை போகும் ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம், கண்ணில் ரத்தப் புள்ளி, சிறுநீர் கழிந்துவிட்டதாகச் சொல்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெறும் வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தப் பயிற்சி டாக்டர்களுக்கு மட்டும் போதாது. நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரோ மருத்துவமனைப் பணியாளரோதான்.

காயமே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. தீராத தலைவலி, தூக்கமின்மை என்று மாதாமாதம் ஓ.பி. சீட்டு வாங்குவார்கள். ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கி வைப்பதும், செலவுக்குத் தராமல் விடுவதும், ஓயாமல் இழிவாகப் பேசுவதும்கூட இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குடும்ப வன்முறைதான்.

இன்னொன்று. வார்டிலேயே இரண்டு பேரையும் உட்கார வைத்து 'சமாதானம்' பேசி அனுப்பும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன், நல்லது என்று நினைத்துத்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்படி உண்மை பேசுவாள்?

181 பெண்கள் உதவி எண்ணையும், பாதுகாப்பு அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் இவற்றின் எண்களையும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். கையில் அட்டையாகக் கொடுத்தால், வீட்டில் பையைச் சோதிக்கும்போது அதற்கும் அடி விழும்.

மருத்துவமனைகளில் இருந்து மாதம் எத்தனை படிவங்கள் பாதுகாப்பு அலுவலருக்குப் போகின்றன என்பதைத் தங்கள் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் கேட்க வேண்டுகிறேன். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால், ஏ.ஆர். பதிவேட்டில் அந்த மாதம் 'வழுக்கி விழுந்த' பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.

பயிற்சி வகுப்பு நடத்த ஆள் தேவைப்பட்டால், ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற செவிலியர்