கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கால்நடை மருத்துவர்களே,

மருத்துவமனை ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டு பார்ப்பது என் வேலை. நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ இருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்போம். மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி என்றால், மறுநாள் வில்லையைச் சுற்றி வட்டமாக வெற்றிடம் தெரியும். இப்போது சில தட்டுகளில் ஒரு வட்டம்கூட விழுவதில்லை. அந்த முடிவை வார்டுக்குப் போனில் சொன்னால், டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

இந்தக் கிருமிகள் எல்லாம் பண்ணையிலிருந்து வந்தவை என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்கு எழுதித் தள்ளும் ஆன்டிபயாட்டிக்குகளின் பங்கு பெரியது. ஆனால் உங்கள் பக்கத்துக் கதவும் திறந்தே கிடக்கிறது.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்டூவர்ட் லீவி 1976இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் போட்டது கோழிகளுக்கு மட்டும்தான். முதலில் கோழிகளின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. சில மாதங்களில் பண்ணையில் வசித்தவர்களின் குடலிலும் அவை பெருகியிருந்தன.

கொலிஸ்டின் கதை இன்னும் வலிக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல ஆண்டுகள் நாங்கள் ஒதுக்கி வைத்து, வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் கையில் எடுக்கும் மருந்து அது. அதையே பண்ணைகளில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். 2015இல் சீனாவில் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் இருந்த கிருமிகளில் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது இருப்பது பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில். ஒரு பாக்டீரியா அந்த வளையத்தை வேறு இனத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். எடை கூட்ட கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுக்காதீர்கள் என்று யார் சொல்ல முடியும்? நோய் இல்லாத மந்தைக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கச் சீட்டு எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நெருக்கமான கொட்டகை, போடாத தடுப்பூசி, சீக்கிரமே பால் மறக்கடித்த குட்டிகள், இவற்றுக்கு ஈடுகட்ட மருந்து கேட்டு உரிமையாளர் நிற்பார். அவரிடம் மறுத்துப் பேசுவது கடினம் என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

அப்புறம், சீட்டு எழுதுமுன் மாதிரி எடுத்து அனுப்புங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை விலங்கு தாங்காது என்றால் மருந்தைத் தொடங்குங்கள், முடிவு வந்ததும் அதற்கேற்ப மாற்றுங்கள். வார்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் ஆய்வகப் பணியாளர்