ஆடா ஆற்றங்கரையில் ஒரு பஞ்சாலை ஊர்

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி குறைந்து மாலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். நான் சென்று வந்த கிரெஸ்பி தி ஆடாவைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஒரு பஞ்சாலைக் குடியிருப்பை யுனெஸ்கோ 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க என்ன காரணம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

இத்தாலியின் லொம்பார்டி பகுதியில், ஆடா ஆறும் பிரெம்போ ஆறும் ஒன்று சேரும் இடத்துக்கு அருகே, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்த ஊர் அது. பூஸ்தோ அர்சீட்சியோ நகரைச் சேர்ந்த பருத்தித் தொழிலதிபர் கிறிஸ்தோஃபொரோ பெனிஞ்ஞோ கிரெஸ்பி, ஆற்று நீரின் விசையால் எந்திரங்களை ஓட்டலாம் என்று கணக்கிட்டு, 1878இல் அங்கே நூற்பாலையை நிறுவினார். தொழிலாளர்களுக்கு முதலில் எழுந்தவை பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் மூன்றடுக்குக் கட்டடங்கள். 1889இல் பொறுப்பேற்ற மகன் சில்வியோ அந்த முறையைக் கைவிட்டு, சுற்றிலும் தோட்டம் வைத்த சிறு வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டச் செய்தார். அந்தத் தோட்டங்களில் இன்றும் காய்கறி விளைகிறது. ஆலையின் முகப்போ செங்கல்லும் சுடுமண் அலங்காரமுமாக, இரும்பு வேலைப்பாடு கொண்ட வாயிற்கதவுடன், கோயில் கோபுரத்துக்குக் காட்டும் அக்கறையோடு கட்டப்பட்டிருக்கிறது.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, பொதுக் குளியலறை, நாடக அரங்கு என எல்லாவற்றையும் ஆலையே அமைத்துக் கொடுத்தது. பிள்ளைகளுக்குப் படிப்பும் புத்தகமும் இலவசம். தேவாலயத்தைக்கூட, முதலாளியின் சொந்த ஊரில் உள்ள சாந்தா மரியா தி பியாட்சா ஆலயத்தை அப்படியே பார்த்துக் கட்டினார்கள். அக்காலத்துத் தொழிலாளிக்கு வேறெங்கும் எளிதில் கிட்டாத வசதிகள் இவை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடும் தெருவும் ஆலைக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும். மருத்துவரும் பாதிரியாரும் குடியிருந்த வீடுகள் ஊரைப் பார்த்தபடி மேட்டின்மேல் நிற்கின்றன. முதலாளி குடும்பத்தின் மாளிகை இடைக்காலக் கோட்டையைப் போல் கோபுரத்துடன் எழும்பியிருக்கிறது. அன்பையும் அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாதபடி அந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். யுனெஸ்கோவின் முடிவுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தச் சிந்தனை கல்லும் செங்கல்லுமாக ஏறத்தாழச் சிதையாமல் நிற்பதே தக்க காரணம் என்று கருதுகிறேன்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் கல்லறைத் தோட்டம். அங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன். கட்டடக் கலைஞர் கயத்தானோ மொரெத்தி வடிவமைத்த கிரெஸ்பி குடும்பத்தின் நினைவு மண்டபம் படிப்படியாக உயர்ந்து, இரு பக்கமும் கை விரித்தாற்போல் மதிலை நீட்டி நிற்கிறது. அதன் முன்னே, புல்தரையில், ஒரே மாதிரியான சிறிய கல் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே தொழிலாளிகளும் அவர்களுடைய குழந்தைகளும் உறங்குகிறார்கள். செத்த பிறகும் முதலாளியின் அரவணைப்பிலேயே இருக்கவேண்டும் என்று திட்டமிட்டது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆயினும், ஏழையின் கல்லறைக்கும் ஒரு கல் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

அத்தனை திட்டமிட்ட குடும்பத்திடம் அந்த ஊர் ஐம்பது ஆண்டுக்கு மேல் அதிகம் தங்கவில்லை. 1929இன் பொருளாதார நெருக்கடியை ஒட்டி ஆலையும் ஊரும் கைமாறின. பிறகு பல நிறுவனங்கள் அதை நடத்தின. 2003இல் ஆலை ஒரேயடியாக மூடப்பட்டது. வீடுகள் பின்னாளில் தனியாருக்கு விற்கப்பட்டதால், பழைய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அவற்றின் உரிமையாளர்களாகவே வாழ்கிறார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி இதுதான். வெறிச்சோடிய ஆலைக் கூடங்களுக்கு என்ன வழி செய்வது என்பது மட்டும் எளிதில் தீரும் கேள்வியாகத் தெரியவில்லை. நூற்பாலைக் கணக்கு வழக்கெல்லாம் அறிந்த உங்கள் கருத்தை அறிய ஆவலாயிருக்கிறேன்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்