பிள்ளைகள் பாட்டின் நடுவில் நிறுத்துவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்) பயிற்சி தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "வீட்டில் பாடிக் காட்டும்போது சொல்லின் நடுவிலேயே நிறுத்தி மூச்சு வாங்குகிறாள், திருத்தலாமா?" திருத்த வேண்டாம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பாடற்குழுவில் இதை 'ஸ்டேகர்டு ப்ரீதிங்' என்பார்கள். ஒரே குரல் பிரிவில் பாடுபவர்கள் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு வாங்குவதால் கேட்பவருக்கு ஒலி அறுபடாது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, தனியாளாகச் செய்வதை இங்கே பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டுப் பிரெஞ்சு கேரலில் 'க்ளோரியா'வின் 'க்ளோ' மட்டுமே சுமார் மூன்று பார் (ஒரு பார் என்பது தாளத்தில் நான்கு கவுண்ட், அதாவது நான்கு எண்ணிக்கை), அதாவது 12 கவுண்ட், ஏறி இறங்கி நீள்கிறது. சொல்லாமல் விட்டால் எல்லோரும் ஒரு பார் முடியும் கோட்டில் சேர்ந்து மூச்சு வாங்குவார்கள். பாட்டில் ஓட்டை விழும். இழுத்துப் பிடித்தாலோ கடைசி ஸ்வரங்களில் சுருதி இறங்கும்.

அதனால் வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுத்திருக்கிறோம். மூச்சு வாங்கும் இடம் 1 எண்ணுக்கு 4-ஆம் கவுண்ட், 2-க்கு 7, 3-க்கு 10. காற்று தீரும்வரை காத்திருக்கக் கூடாது. குரலைத் தணித்து, ஒரு கவுண்டை முழுதாக விட்டு, சத்தமில்லாமல் இழுத்து, 'ஓ' ஒலியிலேயே மெதுவாக உள்ளே வர வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான்: 'க்ளோ' என்றோ 'ஹோ' என்றோ புதிதாகத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் செய்தாலே கடைசி வரிசைவரை கேட்கும்.

தாளில் காற்புள்ளி போன்ற குறி உள்ள இடத்தில் எல்லோரும் சேர்ந்தே மூச்சு வாங்க வேண்டும். தனிப்பாடலுக்கும் இந்த முறை கிடையாது.

வீட்டில் பாட்டைவிட மூச்சுப் பயிற்சி உதவும். 4 கவுண்ட் இழுத்து, 12 கவுண்ட் 'ஸ்ஸ்' என்று சீராக விடச் சொல்லுங்கள். தோள் தூக்கக் கூடாது. நாளுக்கு ஐந்து முறை போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

பாட்டுத்தாளோடு பென்சில் கொடுத்தனுப்புங்கள், பேனா வேண்டாம். யாராவது வராத நாளில் எண்கள் மாறும். தாளில் குறித்த மூச்சு இடத்தை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்