புகையும் வயலும் ஒரே திரையில்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளிவந்த ஆங்கில நிலக்காட்சி ஓவியங்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால், தொழிற்புரட்சியின் புகையைப் பார்க்க மனமில்லாமல் ஓவியர்கள் வயல்வெளிக்குள் ஒதுங்கிவிட்டார்கள் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிராமத்துக் காட்சிகளை வரைந்த ஜான் கான்ஸ்டபிள் என்ற ஓவியரை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம், சரி. (அவர் வரைந்த ஸ்டவர் ஆறுகூட மதகு கட்டிப் படகுப் போக்குவரத்துக்காகத் திருத்தப்பட்ட ஆறுதான்.) ஆனால், டெர்பி நகரத்து ஓவியர் ஜோசப் ரைட் 1780-களிலேயே ஆலை அதிபர் ஆர்க்ரைட்டின் பஞ்சாலையை நிலவொளியில் வரைந்துவிட்டார். 1801-இல் ஓவியர் லூதர்பர்க் வரைந்த, இரும்புத் தொழில் ஊரான கோல்புரூக்டேலின் இரவுக் காட்சியில் இரும்பு உலையின் தீ வானத்தையே சிவக்க வைக்கிறது; முன்னால் குதிரைகள் பாரம் இழுத்துப் போகின்றன.

லண்டன் நேஷனல் கேலரியில் ஓவியர் டர்னரின் 1844-ஆம் ஆண்டு ரயில் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். தேம்ஸ் பாலத்தின் மேல் எஞ்சின் பாய்ந்து வர, அதற்கு முன்னால் ஒரு முயல் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. சாயம் மங்கிவிட்டதால் அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு வெகுநேரமானது. கட்டுரையோடு அச்சான சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரிய வழியே இல்லை. இத்தகைய ஓவியங்களை இனி வண்ணத்தில், அரைப் பக்க அளவிலாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், மதுரை