குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

செயற்குழு 6 முறை கூடியது, அதில் 2 முறை ஆள் போதாமல் கலைந்தது. கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கொசு மருந்து அடித்தது எல்லாம் வழக்கம்போல். நாலாவது தெரு விளக்கு இப்போது எரிகிறது.

அடுத்து ஞாயிறு ஓவிய அமர்வு. செயலாளர் தன் ஆசைக்கு நடத்துகிறார் என்று பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலைப் பார்க்கிறவர்கள் நம் தெருக்களில் உண்டு. பேசச் சொன்னால் பேசமாட்டார்கள். சரி, கையில் பிரஷ்ஷைக் கொடுத்துப் பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தேன்.

காலை 7 மணிக்குப் பத்தமடைப் பாயை விரித்து உட்காருவோம். செல்போன்கள் கூடைக்குள் போய்விடும். 5 நிமிடம் மூச்சை மட்டும் கவனித்துவிட்டு, நீளமான ஒரே தாளைச் சுற்றி எல்லோரும் வரைவோம். அடுத்தவர் படத்தைக் குறை சொல்லக் கூடாது. "நல்லா இருக்கு" என்றும் சொல்லக் கூடாது. இரண்டாவதுதான் நம்மவர்களுக்குச் சிரமமாக இருந்தது.

ஐப்பசியில், ஆற்றுக்குள்ளேயே நிற்கும் நம் குறுக்குத்துறை முருகன் கோவிலை வெள்ளம் மூடுவதை வரைந்தோம். ஓர் அண்ணாச்சி ஒரு மணி நேரமும் பழுப்பு நிறத்தை மட்டுமே அப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், "இம்புட்டுத் தண்ணி எங்க அடுக்களையில நின்னுச்சு" என்று இடுப்பைக் காட்டினார். அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லையாம். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு கூட அவர் தவறவில்லை.

வாசலில் நின்று, "வேய், எல்கேஜி எப்பம் தொறந்தீரு?" என்று கேட்டவர்களும் உண்டு. வரைந்தால் மனம் லேசாகும் என்பதற்கு ஆதாரம் கேட்ட செயற்குழு உறுப்பினருக்கு இது: 2016ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் படம் வரைவது, களிமண் பிசைவது மாதிரி வேலையில் உட்காரவைத்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு இறங்கியிருந்தது. முன்பின் வரையத் தெரிந்திருக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. நாம் செய்வது சிகிச்சையும் அல்ல, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். மனம் ரொம்பவும் பாரமாக இருப்பவர்களுக்காக அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐப் பலகையில் எழுதியிருக்கிறேன். அதை ஒருவர் அழித்து மொய்க் கணக்குப் போட்டிருந்தார். மறுபடி எழுதியாகிவிட்டது.

குற்றாலம் சித்திர சபைச் சுவரோவியங்களைப் பார்க்க வேன் பிடித்தோம். பெயர் கொடுத்தவர்கள் 23, வந்தவர்கள் 9. வேன்காரர் 23 பேருக்கான வேனைத்தான் கொண்டுவந்தார், வாடகையும் அதற்குத்தான். வராத 14 பேரில் யாரும் பங்குத் தொகை தரவில்லை. போன 9 பேர் அந்தச் சுவர்கள் முன்னால் அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை. நம் சங்கத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு, பயப்படும் அளவுக்கு இல்லை. 84 வீடுகளில் சந்தா கட்டியவை 37. தாளுக்கும் வண்ணத்துக்கும் ஆனது ஒரு பொதுக்குழுவின் வடை காபிச் செலவுக்கு மேல் போகாது. சங்கப் பணத்தைச் சாயத்தில் கரைக்கிறேன் என்று சொன்னவர்களின் பெயர்களைச் சந்தாப் புத்தகத்தில் தேடினேன். 2 வருடமாகக் காணவில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், பெருக்கித் தரும் அக்கா அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. முன்வருகிறவர்கள் இன்றே கை தூக்கலாம். யாரும் தூக்காவிட்டால் பொதுக்குழு சொல்கிறபடி கேட்கிறேன். ஓவிய அமர்வுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கினால் யோசிப்பதற்குச் சௌகரியமாக இருக்கும். கட்டடச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு 7 மணிக்குத் திறப்பேன். பிரஷ் கழுவ ஓர் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்