மிஷனெரிக் குழுவுக்குப் பொறுப்பேற்ற நண்பனுக்கு

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் உன் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்பதே பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சபையின் மிஷனெரிக் குழுவை உன் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும், வாலிப நாட்களில் நாம் உலகப் படத்தைத் தரையில் விரித்து முழங்கால் போட்டு, வாயில் நுழையாத நாட்டுப் பெயர்களைச் சொல்லி ஜெபித்தது நினைவுக்கு வந்தது. "என்ன புத்தகம் வாங்கலாம், என்ன பயிற்சி நடத்தலாம், ஒரு பட்டியல் அனுப்பு" என்று கேட்டிருக்கிறாய். பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குழுவும் அப்படித்தான் ஆரம்பித்தது. அலமாரி நிறையப் புத்தகம், சுவரில் பெரிய உலகப் படம், வருடத்துக்கு ஒரு மிஷனெரி ஞாயிறு. அந்தச் சமயத்தில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று வெளிநாட்டுப் பணித்தளத்தில் இருந்தது. மாதாமாதம் பணம் தவறாமல் போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமிருந்து கடிதம் வரும். அறிவிப்புப் பலகையில் குத்திவைப்போம். ஐந்தாம் வருடம் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். வந்து சில மாதம் கழித்து அந்தச் சகோதரி என் மனைவியிடம் சொன்னாள்: "ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன் அக்கா. யாருமே பதில் போடவில்லை." மூத்த பிள்ளையின் படிப்பைப் பற்றிய கேள்வி. அந்தக் கடிதம் மூன்று மாதம் எங்கள் பலகையில் தொங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். இன்றும் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அதனால் நீ எதை வாங்கினாலும், எந்தப் பயிற்சியை நடத்தினாலும், ஒன்றை மட்டும் கேட்டுப் பார். தூரத்தில் இருக்கும் ஒரு மனிதரை எங்கள் சபையார் பெயர் சொல்லி அறிந்து, அவரோடு பேச்சு அறுந்து போகாமல் இருக்க இது உதவுமா?

அந்தக் காலத்து விசுவாசிகளுக்கு இது தெரிந்திருந்தது. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியதும், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சானதும் நாம் சிறு வயதிலிருந்து கேட்டவை. அதன் பின்னால் இருந்த தபால் வேலையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவரும் உடன் ஊழியர்களும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிராங்கே என்பவர் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதோடு அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை. இங்குள்ளவர்கள் என்ன நம்புகிறார்கள், என்ன கேள்வி கேட்கிறார்கள் என்றெல்லாம் சீகன்பால்க் எழுதினார். தமிழர்களிடமே கேள்விகளை அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்தும் அனுப்பினார். கடலைப் பார்த்தே இராத விசுவாசிகள் அதைப் படித்தார்கள், ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். தமிழ் எழுத்துகளையே ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். ஒரு சபைக்கு மிஷன் உதவிநூல் எது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்தக் கடிதங்கள்தான் ஞாபகம் வரும்.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரியின் கதையும் அப்படித்தான். 1792-ல் அவர் மிஷனெரிப் பணியைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார், அந்த வருடமே பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் தொடங்கியது என்று சொல்வோம். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1784-ல், இங்கிலாந்தில் அவர் வட்டாரத்துப் பாப்டிஸ்ட் சபைகள் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கூடி, சுவிசேஷம் உலகெங்கும் பரவும்படி ஜெபிக்கத் தொடங்கியிருந்தன. கேரி செருப்புத் தைக்கும் பட்டறையில் காகிதங்களை ஒட்டி உலகப் படம் செய்து, ஒவ்வொரு நாட்டின் மேலும் மக்கள்தொகை, சமயம் என்று தனக்குத் தெரிந்ததைக் குறித்து வைத்திருந்தார். அவருடைய புத்தகத்திலும் பக்கம் பக்கமாக அட்டவணைதான். சங்கம் தொடங்கிய முதல் நாள் சேர்ந்த காணிக்கை வாக்குறுதி 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். நான் குழியில் இறங்குகிறேன், நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள் என்ற பொருளில் கேரி சொன்னதாகச் சொல்வார்கள். சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815-ல் இறக்கும் வரை அந்தக் கயிற்றை விடவில்லை. சபை சபையாகப் போய்ப் பணம் திரட்டினார், கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உன் குழுவில் உனக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

கேரி பட்டறைச் சுவரில் செய்ததை நம் காலத்தில் செய்தது ஆபரேஷன் வேர்ல்ட் என்ற ஜெபக் கையேடு. பேட்ரிக் ஜான்ஸ்டோன் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் மிஷனெரியாக இருந்தபோது 1964-ல் சின்னக் கையேடாகத் தொடங்கியது. 2010-ல் வந்த ஏழாம் பதிப்பு தடித்த புத்தகம். நாள் கணக்கில் பிரித்து, ஒரு வருடத்தில் உலக நாடுகள் எல்லாவற்றுக்காகவும் ஜெபித்து முடிக்கலாம். நாங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டு மூச்சு முட்டினோம். இப்போது வாரம் ஒரு நாடு மட்டும். வாலிபர் ஒருவர் முன்கூட்டியே படித்து, ஆராதனையில் மூன்று நிமிடம் சொல்லி, ஒரே ஒரு ஜெபக்குறிப்பு கொடுப்பார். புத்தகத்திலுள்ள எண்கள் பழையவை, அதனால் அந்த வாரச் செய்தியையும் பார்த்துக்கொண்டு வரச் சொல்வோம். மூன்று நிமிடம்தான், ஆனால் தயாரிக்கிற பிள்ளையின் மனதில் அந்த நாடு ஒட்டிக்கொள்கிறது.

மக்கள் இனங்களைப் பற்றி அறிய ஜோஷுவா புராஜெக்ட் என்ற இணையத் தகவல் தொகுப்பு இருக்கிறது, அந்த முயற்சி 1995-ல் தொடங்கியது. அவர்கள் கணக்கில் உலகில் சுமார் 17,000 மக்கள் இனங்கள், அதில் 7,000-க்கும் மேல் இன்னும் சுவிசேஷம் எட்டாதவை. 'எட்டாதவை' என்றால் சுவிசேஷ விசுவாசிகள் 2 சதவீதமோ அதற்குக் கீழோ, கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் 5 சதவீதமோ அதற்குக் கீழோ. இந்த எண்ணைச் சபையில் சொல்லும்போது நிதானமாகச் சொல். பெரிய எண்ணைக் கேட்டால் மனம் ஒரு நிமிடம் அதிர்ந்துவிட்டு மறந்துவிடும். அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு இனத்தை எடுத்து இரண்டு வருடம் விடாமல் ஜெபியுங்கள். அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள், வேதாகமம் அவர்கள் மொழியில் இருக்கிறதா என்று தேடுங்கள். உலகில் 7,000-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு, முழு வேதாகமம் இருப்பது எழுநூற்றுச் சொச்சத்தில்தான். நம் கையில் சுமார் 300 வருடமாகத் தமிழில் இருக்கிறது என்பதை எங்கள் ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது, வயதான ஒரு அம்மா அழுதுவிட்டார்.

பயிற்சி என்றால் பர்ஸ்பெக்டிவ்ஸ் என்ற மிஷன் பாடத்திட்டம்தான் எல்லோரும் சொல்வது. அமெரிக்க மிஷன் அறிஞர் ரால்ஃப் விண்டரின் முயற்சியில் 1974-ல் தொடங்கியது. வேதம், வரலாறு, கலாச்சாரம், செயல்முறை என்று நான்கு பகுதி, 15 பாடம். வாசிக்க வேண்டியது நிறைய, அதனால் உழைக்க மனமுள்ள ஆறேழு பேருக்கு மட்டும் வை. அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு அதே வழியில் பிலிப்பைன்ஸில் உருவான கைரோஸ் என்ற சுருக்கமான பாடத்திட்டம் இருக்கிறது. போதகரையும் ஒரு மாணவராக உட்கார வைக்க முடிந்தால் உட்கார வை. எங்கள் போதகர் உட்கார்ந்தார், அப்புறம் பிரசங்கமே மாறியது.

நீ உன் கடிதத்தில் தொடவே தொடாத ஒன்று, அனுப்பிய பிறகு என்ன என்பது. நீல் பிரோலோ 1991-ல் எழுதிய செர்விங் அஸ் செண்டர்ஸ் என்ற சிறிய புத்தகத்தை உன் குழு முழுவதும் வாசிக்க வேண்டும். அனுப்புகிறவர்களின் வேலையை ஆறாகப் பிரிக்கிறார். மனத் தைரியம் கொடுப்பது, நடைமுறை வேலைகளைப் பார்த்துக்கொள்வது, பணம், ஜெபம், தொடர்பு, திரும்பி வரும்போது தாங்குவது. எங்கள் சபை பணம் ஒன்றைத்தான் செய்தது என்று அதைப் படித்த அன்று புரிந்தது. வேதத்தில் மூன்றாம் யோவான் நிருபத்தில் ஊழியரை 'வழிவிட்டனுப்புவது' என்று வருகிறதே, கையசைத்து விடைகொடுப்பதோடு அது முடிகிற காரியம் இல்லை. பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணத்திலிருந்து திரும்பி வந்தபோது அந்தியோகியாச் சபை கூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டது. எங்கள் சபைக் குடும்பம் திரும்பி வந்தபோது நாங்கள் பத்து நிமிடச் சாட்சி நேரம் ஒதுக்கினோம்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு ஊழியக் குடும்பத்துக்கும் சபையில் நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழு. அவர்களுடைய கடிதம் வந்ததும் அந்த வாரமே கூடி சத்தமாக வாசிப்பார்கள், அன்றைக்கே பதில் எழுதுவார்கள். பிள்ளைகளின் பிறந்தநாளை ஒருவர், மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் இன்னொருவர், வயதான பெற்றோரை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: சில நாடுகளில் மிஷனெரி என்ற ஒரு சொல்லாலேயே விசா பறிபோகலாம். அங்கே விசுவாசியாகிறவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து. எதை எழுதலாம், எந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போடக்கூடாது என்று போகிறவர்களிடமே முதலில் கேட்டு, எழுதி வைத்துக்கொள்.

குறுகிய காலப் பயணங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்குள்ள சபை கூப்பிட்டால், அவர்கள் சொல்லும் வேலைக்கு, அவர்களுக்கு வசதியான நாளில் போங்கள். நம் வசதிக்கு நாம் திட்டம் போட்டு அவர்கள் தலையில் வைக்க வேண்டாம். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பின்னாளில் பிஷப்பான நம் வி. எஸ். அசரியா எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அதற்கு முன்பே 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்குவதில் முன்னே நின்றவர் அவர். வாங்கிக்கொள்கிற சபைதானே என்று பார்க்கப்பட்ட இடத்திலிருந்து அனுப்புகிறவராக எழுந்தவர் வைத்த வேண்டுகோள் அது. இன்று உலகக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நாம் போய்ச் சேருகிற இடத்தில் பல நேரம் நம்மைவிட அனுபவமுள்ள விசுவாசிகள் காத்திருப்பார்கள். உன் வாலிபர்கள் புறப்படுமுன் இதை அவர்களிடம் பேசு.

திரும்பி வந்த அந்தச் சகோதரிதான் இப்போது எங்கள் கடித வாசிப்பை நடத்துகிறாள். நாங்கள் கேட்டபோது தயங்கினாள், ஒரு மாதம் யோசித்துவிட்டு வந்தாள். கேள்விக்குறி வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் கடிதத்தை வாசிக்கக் கொடுக்கிறாள்.

நாங்கள் பயன்படுத்தும் ஜெபக்குறிப்புப் படிவத்தையும், குழுக்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பொறுப்புகளையும் இதோடு வைத்திருக்கிறேன். உன் சபை இப்போது தாங்கும் ஊழியர்கள் யார் யார், கடைசியாக அவர்களிடமிருந்து எப்போது கடிதம் வந்தது, யார் பதில் எழுதினார்கள் என்று எனக்கு எழுது. அப்புறம் அலமாரிக்கு என்ன வாங்கலாம் என்று பேசுவோம். கண்ணைப் பார்த்துக்கொள், ராத்திரியில் வெகு நேரம் வாசிக்காதே. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய ஜெபத் தோழன்