தீப்பெட்டி ஆபீஸ் காப்பக அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

சிவகாசியில் இருப்பவர்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போன நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாசி மாதம் எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தார். கொல்லையில் குழாய் வேலைக்காகத் துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். அதன் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு கிளி. பக்கத்தில் இன்னொரு கிளி. வரிசை வரிசையாகக் கிளிகள். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தது. அந்த வீட்டுப் பிள்ளை கைக்கண்ணாடி கொண்டுவந்து காட்டிய பிறகுதான் படிக்க முடிந்தது. தீப்பெட்டி லேபிள் அச்சடித்த லித்தோ கல், அதாவது அச்சுக் கல் அது. எத்தனை வருஷமாக அதன் முதுகில் துணி துவைத்தார்களோ!

இப்போது அந்தக் கல் எங்களிடம் இருக்கிறது. அதை வைக்கத்தான் இடம் இல்லை. இப்படித் தீப்பெட்டி ஆபீஸ்களின், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைகளின், பழைய பொருள்களையும் கணக்குகளையும் காத்து வைக்க ஓர் அறை அமைக்கத்தான் இந்த வேண்டுகோள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் அடுப்பைப் பற்றவைத்த தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தது. மழையை நம்ப முடியாத இந்தக் கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றார்கள். மறு வருஷமே ஜெர்மன் இயந்திரத்தை வைத்து இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் ஸ்வீடன்காரர்களின் 'விம்கோ' கம்பெனியும் இந்தியாவில் கால் வைத்தது. இறக்குமதி வரி ஏறிவிட்டதால், கப்பலில் அனுப்புவதைவிட இங்கேயே செய்து விற்பது அவர்களுக்குக் கட்டுப்படியானது. அவ்வளவு பெரிய முதலோடு இயந்திரத்துக்கு இயந்திரம் என்று மோதியிருந்தால் நம்மவர்கள் தாக்குப் பிடித்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைவேலைக்கு மாறினார்கள். ஊர் பிழைத்தது அந்த முடிவால்தான் என்பது எங்கள் எண்ணம். லேபிளுக்காக அச்சகம் வந்தது. தீக்குச்சி மருந்தோடு பழகிய கைகள் பட்டாசுக்கும் போயின.

முதலுக்கு என்ன செய்தார்கள்? 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அதற்கும் முன்பே மகமை இருந்தது. ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். விருதுநகரில் 1885-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்த மகமையிலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளிக்கூடம். நாங்கள் இன்று உங்கள் வாசலுக்கு வருவதும் அந்தப் பழக்கத்தில்தான்.

இந்தக் கதையை மேடையில் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கதைக்குச் சாட்சியான கணக்குப் புத்தகங்கள் கிலோக்கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு பேரேட்டில் பாதியைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் இருப்பவை பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் 144) பெட்டி ஒட்டினார் என்ற எண். முதலாளிகளின் படம் ஊரில் பல இடங்களில் மாட்டியிருக்கிறது. இந்தப் பெயர்கள் வேறு எங்கும் இல்லை.

இருபது வருஷம் பெட்டி ஒட்டிய பாட்டி ஒருவரிடம் பேசப் போனோம். கையில் அட்டையும் இல்லை, பசையும் இல்லை. பேசப் பேச அவர் விரல் தானாக மடித்து, அழுத்தி, தள்ளி வைத்தது. அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். குழந்தையாக இருக்கும்போதே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் விடியுமுன் ஏறியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வேதனையும் இந்த அறையில் இருக்கும். அதை விட்டுவிடச் சொல்லி ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம்.

சரி, பணத்துக்கு வருகிறோம். பழைய அச்சகக் கட்டடம் ஒன்றில் ஓர் அறையை அதன் உரிமையாளர் ஐந்து வருஷத்துக்கு வாடகையில்லாமல் தருகிறார். ஓடு மாற்றிக் கரையான் மருந்து அடிக்க 1,40,000 ரூபாய் ஆகும். இரும்பு அலமாரிகளுக்கும் லேபிள் ஆல்பங்களுக்கும் 90,000. பேரேடுகளையும் லேபிள்களையும் ஸ்கேன் செய்யும் கருவிக்கும், இரண்டு பேருக்கு ஒரு வருஷச் சம்பளத்துக்கும் 3,70,000. ஆக மொத்தம் 6 லட்சம். குழுவில் இருக்கும் நாங்கள் 85,000 போட்டிருக்கிறோம். வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்வதை முதலில் தொடங்க ஆசைப்படுகிறோம். அலமாரி கொஞ்சம் பொறுக்கும், அவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

ஒரு தீப்பெட்டி 2007-இலிருந்து 14 வருஷம் ஒரே ரூபாய்க்கு விற்றது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த விலையில் வயிறு வளர்த்த ஊரில் பெரிய தொகைக்காகக் காத்திருக்க மனம் வரவில்லை. நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதா மாதம் அறை வாசலில் ஒட்டுவோம். ரசீதுப் புத்தகம் குழு உறுப்பினர் எல்லோரிடமும் இருக்கிறது.

பணம் முடியாதவர்கள் பரணில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். லேபிள் கட்டு, குச்சி அடுக்கும் கட்டை, கூலிச் சீட்டு, பழைய ஆபீஸ் போட்டோ எதுவானாலும் சரி. கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பொருளையெல்லாம் வெளியே எடுத்து வைப்பீர்கள் அல்லவா, அன்றைக்குச் சொல்லியனுப்புங்கள். பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
காப்பக அறைக் குழுவினர், சிவகாசி